பிறந்த வீட்டுக் கோடி

எனக்குக் கல்யாணமாகி, திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட நிறைந்திருக்காது. குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. என் கணவர் ஆட்களோடு வயலில் இருந்தார். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டதால் வீட்டில் மாமனாரும் நாத்தனாரும் நானும்தான். நாத்தனாருக்குப் பூ வைக்க அந்த வெள்ளிக்கிழமை திருத்துறைப்பூண்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்து, பரணில் கிடந்த பித்தளைப் பாத்திரங்களையெல்லாம் இறக்கிப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தோம்.

அப்போது ஒரு வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. உயரமான ஒரு வெள்ளைக்காரர் இறங்கினார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். தலையில் துணித் தொப்பி, கையில் ஒரு தோல் பை. வெயிலில் முகம் செம்பருத்திப் பூப் போலச் சிவந்திருந்தது. கூட வந்த டிரைவர், இவர் அயர்லாந்திலிருந்து வந்திருக்கிறார், இந்த ஊரில் யாரையோ தேடுகிறார், டீக்கடையில் விசாரித்தபோது இந்த வீட்டைக் காட்டினார்கள் என்றார்.

டீக்கடையில் எங்கள் வீட்டைக் காட்டியதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஊரில் எங்கள் வீட்டுக்குத் துரை வீடு என்று ஒரு பெயர் உண்டு. நாத்தனாருக்குப் பச்சையும் சாம்பலும் கலந்த கண்கள். மாமனாருக்கும் கொஞ்சம் அப்படித்தான். அதை வைத்துக் கேலியாகச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். நான் அதுபற்றிக் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை.

மாமனார் அவரை உள்ளே அழைத்து நாற்காலி போட்டார். நான் தஞ்சாவூர்க் கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்தவள் என்பதால் என்னைக் கூப்பிட்டு, அவர் சொல்வதைக் கேட்டுச் சொல்லச் சொன்னார். அந்த மனிதர் ஒவ்வொரு சொல்லாக, எனக்குப் புரிகிறதா என்று முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். அவருடைய அம்மா இந்த ஊரில் பிறந்தவராம். அம்மாவின் அப்பா அயர்லாந்துக்காரர், ஆற்று வேலையில் ஓவர்சியராக இருந்தவர். ஆறு வயதில் மகளைக் கப்பலேற்றி அயர்லாந்துக்குக் கூட்டிப் போய்விட்டார். பெற்ற தாய் இந்த ஊர்ப் பெண். ஒரு தம்பியும் இருந்தானாம். அம்மா இறந்து பல வருஷங்கள் ஆகின்றன. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறையாவது இங்கே வந்து பார்த்துவிட வேண்டும் என்று இருந்தாராம்.

பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். கழுத்து வரை மூடிய கறுப்புச் சட்டையில் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. நிறத்தைப் பார்த்தால் வெள்ளைக்காரிதான். ஆனால் நெற்றியும் புருவமும் எங்கள் பக்கத்து முகமாக இருந்தன. அம்மா தமிழை மறந்துவிட்டார், மூன்று சொற்கள் மட்டும் கடைசிவரை அவர் வாயில் இருந்தன என்று சொல்லி, சின்னப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல அவற்றைச் சொன்னார். தண்ணி. வாய்க்கா. தம்பி. முதல் சொல்லுக்கு அர்த்தம் ஓட்டலில் தெரிந்துவிட்டது, மற்ற இரண்டும் தெரியவில்லை என்றார். நான் சொன்னேன். தம்பி என்றால் கூடப்பிறந்த சின்னவன் என்று சொன்னதும் அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மாமனார் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். தொட்டியில் முகம் கழுவும் சத்தம் கேட்டது. துண்டால் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தார்.

வந்தவர் கேட்டது இரண்டே விஷயம். அந்தத் தம்பியின் குடும்பத்தார் யாராவது இருக்கிறார்களா. தன் அம்மாவைப் பெற்றவளின் பெயர் யாருக்காவது தெரியுமா. அம்மாவுக்கே அது தெரியாது, அம்மா என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறார் என்றார்.

மாமனார் என்னைப் பார்க்காமல் சொன்னார். "அப்படி யாரும் இந்த ஊர்ல இல்லன்னு சொல்லும்மா. பழைய சங்கதி, யாருக்கும் தெரியாதுன்னு சொல்லு."

நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்குத் தெரிந்தவரை அது உண்மை. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வெயிலில் வந்தவர் என்பதால், மாமனார் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மோர் கொண்டுவரச் சொன்னார். நாத்தனார் பெரிய டம்ளரில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மோரைக் குடித்து முடித்து, உங்கள் எல்லோரையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மாமனார் மறுக்கவில்லை. வாசலில் நின்றோம். டிரைவர் படம் எடுத்தார், அவரும் எங்களோடு வந்து நின்றார்.

கிளம்பும்போது ஒரு சீட்டில் தன் விலாசத்தை எழுதி மாமனார் கையில் கொடுத்து, தஞ்சாவூரில் ஒரு லாட்ஜில் இரண்டு நாள் இருப்பேன், ஏதாவது தெரிந்தால் சொல்லியனுப்புங்கள் என்றார். மாமனார் கார் வரைக்கும் கூடப் போனார். கதவை அவரே திறந்துவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பூ வைத்தார்கள். கார்த்திகையில் கல்யாணம் நடந்தது. அந்த வெள்ளைக்காரரைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை. நானும் பிள்ளை, படிப்பு, வயல் என்று ஓடியதில் மறந்துவிட்டேன்.

பல வருஷங்கள் கழித்து, மாமனாருக்கு வயது எண்பதைத் தாண்டிய பிறகு, எங்கள் வாய்க்கால் தலைப்பில் இருந்த பழைய செங்கல் மதகை இடித்துவிட்டுப் புதிதாகக் கான்கிரீட்டில் கட்ட ஆரம்பித்தார்கள். அந்த மதகுக்கு ஒரு துரையின் பெயர் உண்டு. வெள்ளைக்காரப் பெயர் ஊரார் வாயில் தேய்ந்து, கேட்டால் ஏதோ அய்யனார் கோயில் பெயர் மாதிரி இருக்கும். மாமனார் ஒருநாள் தடியை ஊன்றிக்கொண்டு அதைப் பார்க்கப் போனார். இயந்திரம் வைத்து இடித்துக்கொண்டிருந்தார்களாம். திரும்பி வந்தவர் சாப்பாடு வேண்டாம் என்றார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, "உக்காரும்மா, ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"நீ வந்த புதுசுல ஒரு வெள்ளைக்காரரு வந்தாரே, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

"அவரு எங்க அத்தை மவன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவரே மெதுவாகச் சொன்னார். படத்தில் இருந்த அம்மாள் மாமனாருடைய அப்பாவின் அக்கா. தம்பி என்று அந்த அம்மாள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது மாமனாருடைய அப்பாவைத்தான். மதகு கட்ட வந்த ஓவர்சியர் ஊருக்கு வெளியே குவார்ட்டர்ஸில் இருந்தார். மாமனாருடைய அப்பாயி, அதாவது அவர் அப்பாவைப் பெற்றவர், சின்ன வயதில் புருஷனை இழந்தவர். துரைக்கும் அவருக்கும் பழக்கமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்தன. ஊர் ஒதுக்கி வைத்தது. ஆனாலும் துரை இருந்தவரை அவருக்குப் பயந்து யாரும் நேரில் வாய் திறக்கவில்லை. வேலை முடிந்து அவரை மாற்றினார்கள். போகும்போது, மகளைத் திருச்சியில் கான்வென்டில் சேர்த்துவிட்டு வருகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனார். மகன் அப்போது பால்குடி மறக்காத பிள்ளை, காய்ச்சலில் கிடந்தான். அதனால் தாய் கூடப் போகவில்லை.

அவர்கள் திரும்பி வரவே இல்லை. அந்தத் தாய் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திருச்சிக்கு நடந்தே போய், மாதா கோயில் கோயிலாக, கான்வென்ட் கான்வென்டாக விசாரித்திருக்கிறார். யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் சொன்னது. ரயில் சத்தம் கேட்டால் எழுந்து ஓடுவாராம். அவருடைய பிள்ளையில்லாத அண்ணன் ஒருவர் அவர்களைச் சேர்த்துக்கொண்டு, அந்தப் பையனைத் தன் மகனாக எழுதி நிலத்தையும் கொடுத்தார். அப்படித்தான் இந்தக் குடும்பம் நின்றது.

"எங்கப்பாரு ஒரே ஒரு தடவதான் சொன்னாரு, சாவப்போற சமயத்துல. யாருகிட்டயும் சொல்லாதன்னாரு. அன்னிக்கு அவரு வந்து தம்பின்னு சொன்னதும் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. தெரிஞ்சா என்ன நெனப்பாங்க? பொண்ணு வாழ்க்கையாச்சேன்னு பயந்துட்டேன்."

அவர் மேலும் ஒன்று சொன்னார். விலாசச் சீட்டைச் சம்பந்தி வீட்டார் கண்ணில் பட்டுவிடுமோ என்று அப்போதே அடுப்பில் போட்டுவிட்டார். பூ வைத்த மறுநாள், பம்ப்செட்டுக்கு வாஷர் வாங்கப் போகிறேன் என்று எங்களிடம் சொல்லிவிட்டுத் தஞ்சாவூர் போனார். ஒரு சீப்பு மலைப்பழமும் வாங்கிக்கொண்டு அந்த லாட்ஜில் போய்க் கேட்டிருக்கிறார். சொன்னதைவிட ஒருநாள் கூடுதலாகத் தங்கினார், இன்று காலையில்தான் காலி செய்துகொண்டு போனார் என்றார்களாம். மாமனார் ரயிலடிக்கு ஓடியிருக்கிறார். வண்டி போய்விட்டது. பழத்தைப் பிளாட்பாரத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வாஷர் வாங்காமல் வந்ததற்கு என் கணவர் அன்று சத்தம் போட்டது எனக்கு ஞாபகம் வந்தது.

அன்று மாலையே நாத்தனாருக்குப் போன் செய்து சொன்னேன். அவள் திருத்துறைப்பூண்டியில் பள்ளிக்கூட ஆசிரியை. முழுதும் கேட்டுவிட்டு, "எனக்காகவா அண்ணி அப்பா அவரைத் திருப்பி அனுப்பினாரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மாமனார் சொன்ன இன்னொன்றையும் அவளிடம் சொன்னேன். அவளுக்கு வைத்திருப்பது மாமனாருடைய அந்த அப்பாயியின் பெயர். வந்தவர் கடல் தாண்டிக் கேட்டு வந்த பெயரைச் சொல்லித்தான் மாமனார் அன்று அவளை மோர் கொண்டுவரச் சொன்னார். அவரும் அதைக் காதால் கேட்டார்.

கோடை விடுமுறைக்கு நாத்தனார் கணவரோடு வந்தாள். அவள் கணவர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். பிறகு மாமனார் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா ஊரெல்லாம் பெருமையா சொல்லியிருப்பாரு மாமா. வெள்ளைக்காரன் சம்பந்தம்னா அவருக்கு உயிரு. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். மாமனார் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அந்த விடுமுறையில்தான் தேட ஆரம்பித்தோம். என் கணவர் இப்போது தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றார். ஆனால் லேப்டாப்பை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்று வந்தவர் சொன்ன பெயர்கள் எனக்கு நினைவில் இல்லை, எங்கள் கையில் இருந்தது மதகின் தேய்ந்த பெயர் ஒன்றுதான். அதை வாயால் சொல்லிச் சொல்லிப் பார்த்து, எந்த வெள்ளைக்காரப் பெயர் இப்படித் தேய்ந்திருக்கும் என்று யோசித்தோம். தமிழில் ஒரே எழுத்தாக ஆனது ஆங்கிலத்தில் மூன்று எழுத்தாகவும் இருக்கலாம். முதலில் ஒரு ஆங்கிலேயரைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் அவர் பின்னால் போனோம். அவர் கோதாவரிப் பக்கம் கல்யாணமாகாமல் இறந்துபோனவர் என்று கடைசியில் தெரிந்தது.

இங்கே இருந்த வெள்ளைக்காரர்களின் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து அந்தக் காலத்தில் லண்டனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவற்றைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். சாய்வான எழுத்தில், மை கசிந்த பக்கங்கள். நாத்தனார் பரீட்சைத் தாள் திருத்திப் பழகியவள், எந்தக் கையெழுத்தையும் விடமாட்டாள். ஒருநாள் மத்தியானம், என் கையைப் பிடித்து இழுத்துத் திரையைக் காட்டினாள். திருச்சியில் ஒரு கோயிலில் ஆறு வயதுப் பெண்ணுக்கு ஞானஸ்நானம். தகப்பன் ஓவர்சியர், பிறந்த ஊர் எங்கள் ஊர். எழுத்துகள் மாறியிருந்தாலும் படித்தால் எங்கள் ஊர்தான். தாய் என்ற இடத்தில் பெயர் இல்லை. உள்ளூர்ப் பெண் என்று மட்டும் எழுதியிருந்தது.

அந்தத் தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு விசாரித்தலைந்தபோது இந்தப் பதிவு அங்கேதான் எங்கோ ஒரு அலமாரியில் இருந்திருக்கும் என்று நாத்தனார் சொன்னாள். சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டாள். அன்று மேலே தேடவில்லை.

ஆங்கிலப் பெயர் சரியாகக் கிடைத்த பிறகு அயர்லாந்துப் பதிவுகளில் தேடுவது எளிதாக இருந்தது. அங்கே பழைய மக்கள்தொகைக் கணக்கை வீடு வீடாக, வீட்டுக்காரர் கையால் எழுதிய தாள்களாகவே வைத்திருக்கிறார்கள். தென்பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், கல்யாணமாகாத ஒரு அம்மாளின் வீட்டில் ஒரு சிறுமி இருந்தாள். உறவு, தம்பி மகள். பிறந்த இடம், இந்தியா. அடுத்த கணக்கிலும் அதே வீட்டில் இருந்தாள். இப்போது வளர்ந்த பெண், தையல் வேலை. ஓவர்சியர் எந்தக் கணக்கிலும் இல்லை. மகளைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு பர்மாவுக்கு வேலைக்குப் போய், அங்கே காய்ச்சலில் இறந்திருக்கிறார் என்பது பின்னால் தெரிந்தது. நாங்கள் அவர்மேல் கோபப்படத் தயாராக இருந்தோம். முப்பத்துச் சொச்சம் வயதில் செத்துப்போனவர்மேல் எவ்வளவு கோபப்படுவது?

தையற்காரப் பெண்ணின் கல்யாணப் பதிவும், அவளுக்கு ஒரே மகன் பிறந்த பதிவும் கிடைத்தன. அந்த ஊர் மாதா கோயிலுக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். நான்தான் எழுதினேன். சில வாரங்களில் ஒரு பதில் வந்தது. எழுதியவர் அன்று வந்தவருடைய மகள். அவரும் ஓய்வு பெற்றவர்.

அப்பா இறந்து பல வருஷங்கள் ஆகின்றன என்று எழுதியிருந்தார். இந்தியாவிலிருந்து திரும்பிய இரண்டாவது குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டாராம். கூடவே ஒரு படத்தை அனுப்பியிருந்தார். எங்கள் வாசல், புதிதாக அடித்த வெள்ளை, துண்டு போட்ட மாமனார், முந்தானையை இழுத்துப் போர்த்திய நான், நாத்தனார், நடுவில் தொப்பியைக் கையில் பிடித்தபடி அவர். இந்தப் படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதாம். ஊர் திரும்பியதும் அவர் மகளிடம் சொல்லியிருக்கிறார். அதுதான் என் மாமா வீடு, அந்தப் பெண்ணுக்கு என் அம்மாவின் கண்கள். ஆனால் அவர்களுக்குச் சொல்ல விருப்பமில்லை. ஏதோ காரணம் இருக்கும். ஒருநாள் அதிகமாக இருந்து பார்த்தேன், யாரும் வரவில்லை. மறுபடி போய்க் கதவைத் தட்டுவது மரியாதையில்லை என்று வந்துவிட்டேன்.

மின்னஞ்சலை மாமனாருக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அன்று அவர் சொன்னதை அந்த மனிதருக்குச் சொன்ன அதே வாயால் இதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. மாமனார் கடைசிவரை கேட்டார்.

"தெரிஞ்சுதான் போனாரா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். அவர் முகத்தையும் தன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "காதைப் பாரு. எங்கப்பாரு காது" என்றார். பிறகு, "வாசல்ல நின்னு படம் பிடிச்சுக்கிட்டுப் போயிருக்காரு, மாமன் வூட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு திங்காம" என்றார். மோர் மட்டும் கொடுத்து அனுப்பியதைத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் அதிகம் வெளியே போகவில்லை. ஒருநாள் காலையில் என்னையும் என் கணவரையும் கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து ஒரு கோடிப் புடவை போக வேண்டும். அது வந்து மேலே போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். எத்தனை சண்டை இருந்தாலும் இது நிற்காது. "எங்க அத்தைக்குப் பொறந்த வூட்டுக் கோடி போவலையே. அனாதை மாதிரி போயிருக்கு" என்றார். இப்போது என்ன செய்ய முடியும் என்று என் கணவர் கேட்டார். அனுப்ப முடியுமா என்று பார் என்றார் மாமனார்.

நாத்தனார் திருவையாற்றில் போய் அரக்குக் கரை போட்ட நூல் புடவை ஒன்று எடுத்து வந்தாள். மாமனார் அதை மடியில் வைத்து ஒரு மூலையில் மஞ்சள் தடவினார். நான் மின்னஞ்சல் அனுப்பிய அந்த அயர்லாந்துக்கார அம்மாளுக்கு இந்த வழக்கத்தை விளக்கி எழுதினேன். எழுதுவது எளிதாக இல்லை. செத்து இத்தனை காலம் ஆனவருக்குப் புதுப்புடவை எதற்கு என்று அவர் நினைக்கக்கூடும் என்று பயந்தேன். கூடவே அந்தத் தாயின் பெயரையும் எழுதி, எப்படிச் சொல்ல வேண்டும் என்று நானே சொல்லிப் பதிவு செய்து அனுப்பினேன்.

பார்சல் போய்ச் சேர வெகுநாளாயிற்று. ஒருநாள் வீடியோ வந்தது. புல் முளைத்த கல்லறைத் தோட்டம். நல்ல காற்று. அந்த அம்மாளும் அவர் கணவரும் புடவையைப் பிரித்துக் கல்லின் மேல் போர்த்துகிறார்கள். காற்று தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க, ஓரங்களில் கூழாங்கற்களை வைக்கிறார்கள். பிறகு அந்த அம்மாள் குனிந்து, கல்லைப் பார்த்து, பெற்றவளின் பெயரைச் சொல்கிறார். தப்பாகத்தான் சொன்னார். பாதியில் நிறுத்தி, திருத்தி, மறுபடி சொன்னார்.

மாமனார் அதை ஒரே ஒருமுறை பார்த்தார். மறுபடி போடட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்று கையை அசைத்தார். எங்கள் மனதில், இதைப் பார்த்தால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்றிருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. "வந்த அன்னிக்கே சொல்லியிருந்தா அவரே கையால கொண்டுபோயிருப்பாரு. அவங்கம்மாவுக்கு அவரே போத்தியிருப்பாரு" என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நாங்களும் எடுக்கவில்லை. சம்பா அறுவடை முடிந்த கையோடு, தூக்கத்திலேயே போய்விட்டார்.

அயர்லாந்திலிருந்து துக்கம் விசாரித்து எழுதினார்கள். முறைப்படி பார்த்தால் அந்த அம்மாள் எனக்கு அக்கா ஆக வேண்டும். எழுதும்போது நான் அவர் பெயரைத்தான் போடுகிறேன். வருகிறேன் என்று முதலில் எழுதினார். பிறகு முழங்காலில் ஆபரேஷன் என்றார். அதன் பிறகு அவர் கணவருக்கு உடம்பு சரியில்லை. பொங்கலுக்கு நான் வாழ்த்து அனுப்புகிறேன், கிறிஸ்துமஸுக்கு அவர் அனுப்புகிறார். நடுவில் என்ன எழுதுவது என்று இரண்டு பேருக்கும் தெரிவதில்லை. நாத்தனார் சில காலம் அவரோடு வீடியோவில் பேசினாள். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, பிள்ளைகளைக் காட்டிக்கொண்டு, அதற்கு மேல் பேச்சு ஓடாமல் அதுவும் குறைந்துவிட்டது. உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்க வேண்டியவர்கள் அந்த இரண்டு கிழவர்கள்தான். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது என்றாலும், நான் நடுவில் இருந்தேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன்.

போன வாரம் அந்த அம்மாள், அங்கே விடாமல் மழை என்று எழுதியிருந்தார். இங்கே மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், எங்கள் வாய்க்காலுக்கு வந்துசேர இன்னும் சில நாள் ஆகும், நாற்றங்கால் தயாராக இருக்கிறது என்று பதில் போட்டேன். அதற்குக் கீழே வேறு ஏதாவது எழுதலாம் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அப்படியே அனுப்பிவிட்டேன்.